ஒரு கீறலும் ஒரு தேசிய விருதும்

(ஆகஸ்ட் 15, 2025 அன்று நம் குடியிருப்பின் கொடியேற்று விழாவில் சினிமா குழு ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்.)

 

"சினிமா பற்றி ஐந்து நிமிடம் பேசுங்க சார், ஆனா யார் மனசும் நோகாம பேசுங்க" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். கூலி வந்த மறுநாள் இப்படி ஒரு நிபந்தனை! நேற்றுக் காலையிலிருந்து நம் குழுவில் ஒரே சண்டை. முதல் காட்சி பார்த்தவர்கள் கதையைச் சொல்லத் துடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் வாங்கியவர்கள் "தயவுசெய்து வாயைத் திறக்காதீங்க" என்று கெஞ்சுகிறார்கள். ஆகவே கூலி பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசப் போவதில்லை.

ஆனால் இன்றைய தேதி பற்றிப் பேசியே ஆக வேண்டும். சரியாக 50 வருடங்களுக்கு முன்னால், 1975 ஆகஸ்ட் 15-ம் தேதி, பாலசந்தரின் அபூர்வ ராகங்கள் வெளியானது. பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்த ஒருவர் அந்தப் படத்தில் ஒரு கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அன்று திறந்த கேட் இன்னும் மூடவில்லை. கைதட்டுங்கள், விஜய் ரசிகர்களும் தட்டலாம். உங்களுக்கு அடுத்த பொங்கலுக்கு ஜனநாயகன் என்று அறிவித்துவிட்டார்களே!

இனி விருது விஷயம். இந்த மாதம் 1-ம் தேதி மாலை 71-வது தேசிய விருதுகள் அறிவித்ததிலிருந்து குழுவில் ஓயாமல் கேட்கும் கேள்வி, "நாமினேஷன் லிஸ்ட் எங்கே?" என்பது. ஆஸ்கரில் ஐந்து பேர் பெயரை முதலில் சொல்லி, பிறகு ஒருவரை மேடைக்கு அழைப்பார்கள். நம் தேசிய விருதில் அப்படி ஒரு பட்டியலை வெளியிடும் வழக்கம் இல்லை. அந்தந்த ஆண்டில் சென்சார் சான்றிதழ் பெற்ற படங்களைத் தயாரிப்பாளர்கள் அனுப்புகிறார்கள், நடுவர் குழு பார்த்து முடிவு செய்கிறது. அதனால்தான் 2023-ம் ஆண்டுப் படங்களுக்கு 2025-ல் விருது வருகிறது, நாமும் பழைய படத்தைத் தேடிப் பார்க்கிறோம்.

தமிழ்ப் படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது வாங்கியவர்களை எண்ணிப் பாருங்கள். ரிக்‌ஷாக்காரனுக்கு எம்.ஜி.ஆர். மூன்றாம் பிறை, நாயகன், இந்தியன் என்று மூன்று முறை கமல். பிதாமகனுக்கு விக்ரம். ஆடுகளம், அசுரன் இரண்டுக்கும் தனுஷ். சூரரைப் போற்றுக்கு சூர்யா. நம் மாவட்டத்துப் பட்டு நெசவாளியின் கதையான காஞ்சிவரத்துக்குப் பிரகாஷ் ராஜ். இந்த வரிசையில் சிவாஜி இல்லை. 1960-ல் கெய்ரோ ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் வீரபாண்டிய கட்டபொம்மனுக்காகச் சிறந்த நடிகர் என்று கொண்டாடப்பட்டவர், டெல்லியிலிருந்து அந்த விருதைக் கடைசிவரை வாங்கவில்லை. எங்கள் எதிர் வீட்டுப் பெரியவர் சிவாஜி ரசிகர். இந்தப் பேச்சை எடுத்தால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இந்த முறை சிறந்த தமிழ்ப் படம் பார்க்கிங். சிறந்த துணை நடிகர் விருது எம்.எஸ்.பாஸ்கருக்கும் மலையாள நடிகர் விஜயராகவனுக்கும். திரைக்கதை விருதிலும் பார்க்கிங் இயக்குநர் ராம்குமார் பாலகிருஷ்ணனுக்குப் பங்கு உண்டு. பாஸ்கர் பெயர் வந்ததும் குழுவில் எல்லாக் கட்சியும் ஒரே கட்சி ஆனது. டப்பிங் குரலாக இருந்தவர், சின்ன பாப்பா பெரிய பாப்பா பட்டாபியாக நம் வீட்டுக்குள் வந்து சிரிக்க வைத்தவர். மொழி படத்தில் 1984-லேயே நின்றுபோன அந்தப் பேராசிரியரை மறக்க முடியுமா? அதுவும் ஒரு அபார்ட்மென்ட் கதைதான். அதில் வரும் செயலாளர் பிரம்மானந்தத்தையும் நம் செயலாளரையும் நான் ஒப்பிடப் போவதில்லை.

பார்க்கிங் கதை உங்களுக்குத் தெரியும். கீழ் வீட்டில் பல வருடமாக இருக்கும் அரசு ஊழியர், அவருக்கு ஒரு பைக். மாடிக்குப் புதிதாக ஒரு இளம் தம்பதி, அவன் ஒரு கார் வாங்குகிறான். இருப்பது ஒரே இடம். ஒரு கீறல் விழுகிறது. இரண்டு வீட்டுப் பெண்களும் "போதும், விடுங்க" என்கிறார்கள். இரண்டு ஆண்களும் கேட்பதாக இல்லை. அதற்குப் பிறகு நடப்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

காரணம் சொல்கிறேன். பேர் சொல்லாமல் சொன்னாலும் உங்களுக்குப் புரிந்துவிடும், அதனால் ஒப்புக்கொண்டே சொல்கிறேன்.

சென்ற டிசம்பரில் நான் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார் செய்து உலகத்துக்கு அனுப்புகிற ஊர் நம் ஊர். அந்த லைனில் வேலை செய்கிற நமக்கு அதை நிறுத்தத்தான் இடம் போதவில்லை. ஒரு இரவு பி ஷிஃப்ட் முடிந்து வந்தபோது என் இடத்தின் கோட்டுக்குள் ஒரு ஸ்கூட்டரின் பின்சக்கரம் இருந்தது. எதிர் வீட்டுப் பெரியவருடையது. காலிங் பெல் அடித்திருக்கலாம். நான் போட்டோ எடுத்தேன், சக்கரத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன், இரவு பன்னிரண்டரைக்கு இந்தக் குடியிருப்பின் பொதுக் குழுவில் போட்டேன். "படித்தவர்களே இப்படிச் செய்தால்?" என்று ஒரு வரியும் சேர்த்தேன். காலையில் எழுந்து பார்த்தால் அதற்கு முப்பது பதில்கள். அவருக்குப் பதிலாக அவருடைய மகள் சிங்கப்பூரிலிருந்து மன்னிப்புக் கேட்டிருந்தாள்.

அன்றிலிருந்து ஏழு மாதம் நாங்கள் பேசவில்லை. லிஃப்டில் அவர் இருந்தால் நான் படியேறினேன். அதற்கு முன்னால் ஒன்றாகப் படம் பார்த்து, ஒன்றாக டீ குடித்துத் திரும்பியவர்கள் நாங்கள்.

விருது அறிவித்த அன்று ராத்திரி சினிமா குழுவில் அவர் ஒரு மெசேஜ் போட்டார். "9-ம் தேதி சனிக்கிழமை என் வீட்டில் பார்க்கிங் பார்க்கலாம். எல்லோரும் வரவும்." அந்த "எல்லோரும்" என்ற வார்த்தையை நான் எத்தனை முறை படித்தேன் என்று என் மனைவிக்குத் தெரியும். போக மாட்டேன் என்றேன். அவள் ஒரு பாத்திரத்தில் சுண்டலைப் போட்டுக் கையில் கொடுத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

பதினோரு பேர் பார்த்தோம். இடைவேளை வரை ஒரே சிரிப்பு. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பாஸ்கர் திரையில் அந்தக் காரை முறைத்துப் பார்க்கும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, "அந்தப் போட்டோ போட்டிருக்கக் கூடாது, ஐயா" என்றேன். அவர் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்து, "வண்டியை நானும் தள்ளித்தான் விட்டிருக்கணும், தம்பி. ஆனா எம் பொண்ணு அழுதா. அதான் எனக்கு மறக்கல" என்றார். அவ்வளவுதான். மறந்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மறுநாள் லிஃப்டில் ஒன்றாக இறங்கினோம்.

எனவே சினிமா குழுவின் சார்பில் இந்தச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். பார்க்கிங் புகார் எதுவாக இருந்தாலும் முதலில் காலிங் பெல். பிறகு செக்யூரிட்டி. பிறகு செயலாளர். பொதுக் குழுவில் போட்டோ வேண்டவே வேண்டாம். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வருகிறேன். நீங்கள் கை தூக்க வேண்டும்.

செப்டம்பர் 5 மதராஸி, அக்டோபர் 1 இட்லி கடை. சேர்ந்து போக விரும்புகிறவர்கள் உங்கள் ஷிஃப்டைச் சொல்லிப் பெயர் கொடுங்கள். என் காரில் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது. முன் சீட்டை ஒரு சிவாஜி ரசிகர் ஏற்கெனவே பிடித்துவிட்டார்.