நட்சத்திரச் சக்கரத்தின் நடை



சித்திரை மாத இரவில் நமது பன்விலையில் மூட்டம் விலகினால், வடக்கே சப்தரிஷி மண்டலம் தெரியும். அத்திசையிலே, ஒரு கோடி ஒளியாண்டுக்கு அப்பால், என்.ஜி.சி. 3741 என்ற சிறு நட்சத்திரக் கூட்டம் இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தோன்றாது. அதன் ஐதரசன் வாயுவின் நடுவே ஒரு நீண்ட தண்டு போன்ற அமைப்பு சுழல்கிறது. அதன் வேகத்தை அளப்பது எங்ஙனம்?

வாயுவின் வேகத்தை அளந்தால் போதாதோ என்பீர்கள். போதாது. தேர்த் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். தேரைச் சூழ்ந்த சனத்திரளில் ஒருவர் வந்து சேர்கிறார், ஒருவர் பின்தங்குகிறார். திரளோ தேரின் நடையிலேயே போகிறது. தண்டும் அத்தகைய திரளே. ஆனால் அங்கே தேர் இல்லை!

1984இல் திரமெயின், வைன்பேர்க் என்ற இரு வானியலார் வழி கண்டனர். கூட்டத்தின் நெடுக்குக்கு இணையாக, மையத்தை விட்டு விலகி ஒரு கோடு இடுக. காவுதடி தோளில் எந்த இடத்தில் நிறையொத்து நிற்குமோ, அதுபோல அக்கோட்டிலுள்ள பொருளின் சராசரி இடத்தைக் காண்க. பின், நம்மை நோக்கியோ விலகியோ செல்லும் சராசரி வேகத்தைக் காண்க. சக்கரம் எங்கும் ஒரே சீரானால் இரண்டும் பூச்சியமே. தண்டு குறுக்கே கிடப்பதால்தான் ஒரு பக்கம் கனக்கிறது. வேகத்தை இடத்தால் வகுத்து, சாய்வுக்குத் திருத்தினால் தண்டின் வேகம் கிடைக்கும். பொருள் புதிதாய்த் தோன்றாமலும் அழியாமலும், கோலம் கலையாமலும் இருக்கவேண்டும்; அவ்வளவே.

என்.ஜி.சி. 3741இன் வாயுத் தட்டு எவ்வளவு அகன்றதென்று, பூனா அருகே 30 பெருந்தட்டுகள் கொண்ட றேடியோ தொலைகாட்டியால் 2005இல் ஆயிஷா பேகம், ஜெயராம் செங்களூர் முதலியோர் கண்டனர். 2013இல் செங்களூர், அருணிமா பானர்ஜி முதலியோர் மேற்சொன்ன முறையால் தண்டை அளந்தனர். ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 36 கோடி ஆண்டு! வாயுவும் தண்டும் ஒரே நடையில் செல்லும் தூரம், தண்டின் பாதி நீளத்தைப்போல் 1.6 மடங்கு. 1.4க்கு மேற்பட்டால் மந்தமான தண்டு என்பது கணக்கு.

மந்தத்துக்குக் காரணம்? கூட்டமாய் நிற்கும் பொருளினூடே செல்லும் பொருள், அதன் ஈர்ப்பினால் வேகம் குன்றும் என்று நமது சுப்பிரமணியன் சந்திரசேகர் 1943இலேயே காட்டினார். இக்கூட்டமோ கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் மிகுந்தது. அது தண்டைப் பிடித்திழுக்கிறது போலும்.

ஆயினும் இதுவரை அளந்த பெரிய கூட்டங்களின் தண்டுகளிற் பல விரைவாகவே சுழல்கின்றன. கரும்பொருள் அடர்ந்திருந்தால் அவை ஏன் தளரவில்லை? அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். உங்களில் யாரேனும் கணிதம் கற்று அந்த வாதத்திற் கலந்துகொள்ளலாம்.