பிறவிக் குறையும் அதன் காரணமும்

புனே நகரிலிருந்து தென்மேற்கே சென்றால் முத்தா நதியைத் தடுத்து நிற்கும் கடக்வாஸ்லா அணையைக் காணலாம். 1916-இல் தோன்றிய மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் அங்குதான் இருக்கிறது. பெரிய நதிகளைச் சிறு மாதிரிகளாக அமைத்து, நீரை ஓடவிட்டு ஆராய்கிறார்கள். கரை அரிப்புக்கு மதகு காரணமா, வளைவு காரணமா என்று அறிய, ஏனையவற்றை அப்படியே வைத்து மதகை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

கருவிலுள்ள குழந்தையை இவ்வாறு சோதித்தல் ஆகாது. ஆயினும் நம்முன் நிற்கும் கேள்வி அத்தகையதே. குறையுடன் ஒரு மகவு பிறந்தால், காரணம் பரம்பரையா, சூழ்நிலையா? நம் வீடுகளில் ஆராய்ச்சிக்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. தாயின் குலத்தில் கோளாறு என்பர். அல்லது கிரகணத்தன்று அவள் வெளியே வந்தாள் என்பர். எப்படிப் பார்த்தாலும் பழி அவள் தலையில்தான்!

மாற்றிப் பார்க்க இயலாதபோது, தானாக நேர்ந்த மாறுதல்களை நாம் தேடுகிறோம். தாலிடோமைட் என்னும் மருந்து 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. கைகால் குறுகிய குழந்தைகள் அங்கே பெருகினர். 1961 நவம்பரில் மருந்து நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டில் அத்தகைய பிறப்புகள் அருகின. ஒரு நாட்டு மக்களின் மரபணுக்கள் நான்கைந்து ஆண்டுகளில் மாறித் திரும்புவதில்லை. ஆகவே குற்றவாளி வெளியிலிருந்து வந்தது என்பது தெளிவாயிற்று.

இதற்கு மாறாக, சில நோய்களில் தாய், தந்தை இருவரும் பழுதுற்ற ஒரே மரபணுவை மறைவாகத் தாங்கியிருப்பர். அப்போது ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குறை தோன்றும். மாமன் மகளை மணக்கும் வழக்கமுள்ள நம்மிடையே இதை மறத்தல் கூடாது.

ஆனால் குடும்பத்தில் மீண்டும் வருவதெல்லாம் பரம்பரை என்று கொள்வதும் தவறு. ஒரே குடும்பத்தார் மரபணுவை மட்டுமன்றி, ஒரே அடுப்பையும் பகிர்ந்துகொள்கிறார்கள். முதுகெலும்பு மூடாமல் பிறக்கும் குறையை எடுத்துக்கொள்வோம். ஒரு குழந்தைக்கு அது நேர்ந்தால் அடுத்ததற்கும் நேரும் வாய்ப்பு மிகுதி. அத்தகைய தாய்மார்க்குக் கருவுறுமுன்பே ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1991-இல் முடிவை வெளியிட்டது. மீண்டும் நேர்தல் நூற்றுக்கு 72 பங்கு குறைந்திருந்தது. குலத்தின் குறை என்று எண்ணியதை ஒரு வைட்டமின் பெரும்பாலும் தடுத்துவிட்டது!

புனேயைச் சுற்றிய ஆறு கிராமங்களில் 1993 முதல் கருவுற்ற தாய்மாரை ஆராய்ந்தபோது வேறொன்று புலப்பட்டது. ஃபோலேட் பற்றாக்குறை அரிதாக இருந்தது. பி12 பற்றாக்குறையோ ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு. இந்த வைட்டமின் தாவர உணவில் இல்லை. பால், தயிர், முட்டை, மாமிசம் ஆகியவற்றில்தான் உண்டு. பின்னர், 2011-இல் வெளியான ஆய்வொன்றில், பி12-ஐக் குருதியில் ஏந்திச் செல்லும் புரதத்தின் மரபணு வேறுபாடும், அவ்வாறு ஏந்தப்படும் வைட்டமினின் குறைவும் இதே முதுகெலும்புக் குறையோடு தொடர்புற்றிருந்தன. மரபணு ஒரு பக்கம், உண்கலம் மறுபக்கம். இங்கே இரண்டும் ஒரே கயிற்றின் இரு புரிகள். மரபணுவை நாம் மாற்றவியலாது, தயிரைக் கூட்டலாம்.

காலமும் முக்கியம். நரம்புக் குழல் கருத்தரித்த ஏறத்தாழ 28 நாட்களில் மூடிவிடுகிறது. பல பெண்கள் தாம் கருவுற்றதை அப்போது அறிந்திருக்கவே மாட்டார்கள். மூன்றாம் மாதம் தொடங்கும் மாத்திரை வேறு நன்மைகள் செய்யலாம். இந்தக் குறையைத் தடுக்க அது வெகு தாமதம்.