நாள் குறியாது வருபவர்

(வர்த்தமான மகாவீரர் பிறந்தநாள் விழாவில் நிகழ்த்திய உரை)



விழா நாளில் நம் சமயம் அனைவர் கண்ணுக்கும் புலனாகிறது. திருமுழுக்கும் பூசையும் திருவுலாவும் நடைபெறுகின்றன. அன்று உடலைத் தூய்மை செய்து, உள்ளத்தை ஒருமுகப்படுத்தி, ஆயத்தமாக ஜினாலயத்துக்கு வருகிறோம். ஆண்டின் ஏனைய நாள்களில் நிலைமை வேறு. பேருந்துக்குக் காத்திருக்கும்போது அருகில் நிற்பவர், திருமண வீட்டில் பந்திக்கு அழைப்பவர், வழி கேட்டு வாசலில் நிற்கும் அயலூரார் ஆகிய எவரும் முன்னறிவித்து வருவதில்லை. அவர்களை எதிர்கொள்ளும் சில நொடிகளில் நம் நம்பிக்கை எந்நிலையில் இருக்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

விருந்தினரை வடமொழியில் அதிதி என்பர். திதி குறிப்பிடாமல், இன்ன நாளில் வருவேன் என்று சொல்லாமல் வருபவர் என்று அச்சொல்லுக்குப் பொருள் கூறுவது மரபு. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் இல்லறத்தார்க்குரிய விரதங்களுள் ஒன்றாக அதிதி சம்விபாகத்தைக் கூறுகிறது. முதற்கண் அது துறவியர்க்கு உணவளித்தலைக் குறிக்கும். நாளும் பொழுதும் சொல்லாமல் வருபவருக்குத் தமக்கென வைத்ததில் பங்கு தருதலே அதன் உயிர்ப்பொருள். தமிழிலும் விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள். உறவினர்க்குச் சோறிடுதல் சுற்றம் ஓம்பலாகும். முன்பின் அறியாதவர்க்கு இடுவதே விருந்தோம்பல். எதிர்பாராத சந்திப்பை நம் முன்னோர் தற்செயல் என்று ஒதுக்காமல், விரதத்துக்குள்ளேயே சேர்த்து வைத்தனர்.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் நோக்கி வரும் வழியில் ஆர்ப்பாக்கம் இருக்கிறது. அவ்வூர் ஜினாலயத்தில் எழுந்தருளியிருப்பவர் ஆதிநாதர். அப்பெருமான் துறவு பூண்டு, ஆறு மாதம் நோன்பிருந்த பின் உணவு ஏற்க ஊர்தோறும் நடந்த வரலாற்றை ஆதிபுராணம் விரித்துரைக்கிறது. மக்களுக்கு அவர்மீது அன்பில்லாமல் இல்லை. பொன்னும் மணியும் ஆடையும் யானையும் குதிரையும் கொண்டுவந்து திருவடியில் வைத்தார்கள். துறவிக்கு வேண்டுவது ஒரு கை உணவு என்பதும், அதை எவ்வாறு அளிப்பது என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை. மேலும் பல மாதங்கள் பெருமான் உணவின்றியே நடந்தார். அத்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் அவரைக் கண்டதும், முற்பிறவியில் முனிவர்க்கு உணவளித்த நினைவு அவன் உள்ளத்தில் எழுந்தது. கருப்பஞ்சாற்றை முறைப்படி அளித்தான். இவ்வுலகில் ஆகார தானம் அவ்வாறு தொடங்கியது என்பது நம் மரபு.

பெருமான் எல்லா ஊர்களுக்கும் வந்தார். வாய்ப்பு எல்லார்க்கும் வாய்த்தது. முன்பு ஒரு பிறவியில் செய்து பழகியதன் நினைவு ஒருவனிடம் மட்டுமே எழுந்தது. ஆகவே வாய்ப்பு வந்த நொடியில் என்ன செய்ய வேண்டும் என்பதை அவனே அறிந்தான். அந்நாளே அட்சய திருதியை. இன்று அதே நாளில் நகைக்கடை வாசலில் விடியற்காலையிலேயே வரிசை நிற்கிறது. முதல் தானம் நிகழ்ந்த நாள் பொன் வாங்கும் நாளாக மாறியிருப்பதைச் சமணக் குடும்பங்களேனும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

புராணத்தை விடுத்து, ஏறத்தாழ 145 ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஒன்றைக் காண்போம். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர், அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அவ்வூர் முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்கிச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். இல்லை என்பதே விடையாக இருந்தது. அக்கேள்வியே சாமிநாதையரின் வாழ்க்கைப் போக்கை மாற்றியது.

சிந்தாமணி கைக்கு வந்தும் பொருள் விளங்கவில்லை. சைவ மடத்தில் பயின்ற அவருக்குச் சமண சமயக் கருத்துகளும் குறியீடுகளும் புதியனவாக இருந்தன. அவ்வூரிலேயே சமணர்கள் வாழ்கிறார்கள் என்று அறிந்து சந்திரநாத செட்டியார் என்பவர் இல்லத்துக்குச் சென்றார். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிக் கோலமிட்டிருந்ததைக் கண்டு, இன்று என்ன விசேடம் என்று கேட்டார். பல மாதங்களாக வீட்டில் படித்துவந்த சிந்தாமணி அன்றுதான் நிறைவுற்றது என்று விடை வந்தது. எந்த நூலின் பொருளைத் தேடி ஒருவர் அலைந்தாரோ, அந்நூல் அவ்வீட்டில் அன்றாட வழிபாட்டுப் பொருளாக இருந்தது. நூலில் தேர்ந்தவரான வீடூர் அப்பாசாமி நயினாரும் அங்கே இருந்தார்.

அக்குடும்பத்தார் செய்ததைக் கூர்ந்து நோக்க வேண்டும். வந்தவர் வேற்றுச் சமயத்தவர். அவரால் சமூகத்துக்கு என்ன பயன் விளையும் என்று அவர்கள் கணக்கிட்டிருக்க முடியாது. ஆயினும் அவர் கேட்ட ஐயங்களை விலக்காமல் விளக்கினார்கள். நாள்தோறும் வந்து கேட்க இடம் தந்தார்கள். வீட்டார் அவரைப் பவ்ய ஜீவன், அதாவது வீடுபேற்றுக்குரிய தகுதி வாய்ந்த உயிர், என்று சொல்லி மகிழ்ந்தனர். அவரைச் சமணராக்க வேண்டும் என்று எவரும் முயலவில்லை. அவரும் தம் சைவ நெறியிலேயே நின்றார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. பின்னர்ச் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அவர் பதிப்பால் ஒளிபெற்றன.

இல்லறத்தார்க்குரிய நாட்கடன்கள் ஆறு என்பர்: தேவபூசை, குரு வழிபாடு, சுவாத்யாயம், புலனடக்கம், தவம், தானம். தானம் நான்கு: உணவு, மருந்து, நூலறிவு, அடைக்கலம். கும்பகோணத்து வீட்டில் அந்நாளில் இவற்றுள் இரண்டு ஒன்றையொன்று தொட்டன. சுவாத்யாயம் இருந்தமையால் சாத்திர தானம் இயன்றது. அந்நூல் பேழைக்குள் பூட்டப்பட்டு, ஆண்டுக்கொருமுறை மட்டும் பூசிக்கப்பட்டிருந்தால், வந்தவருக்கு அக்குடும்பத்தார் என்ன விடை சொல்லியிருக்க முடியும்? எங்கள் பாட்டனார்க்குத் தெரியும் என்று மட்டுமே சொல்லியிருக்க முடியும்.

வாய்ப்புக்கும் தகுதிக்கும் உள்ள இத்தொடர்பை உணர உத்திரமேரூர்க் கல்வெட்டும் துணை செய்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும், பொறிக்கப்பட்ட குடவோலை முறை உலகறிந்தது. அது வைதிக அந்தணர் சபையின் ஏற்பாடு, சமண நூலன்று. நல்லது எங்கிருப்பினும் அதன் ஒரு பக்க உண்மையைக் கண்டு கொள்வதே அநேகாந்தம் கற்பிக்கும் பண்பாதலால், அதனையும் இங்கே எடுத்துக்கொள்ளலாம்.

ஊரின் 30 குடும்புகளிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். சபை முழுவதும் பார்த்திருக்க, உள்ளே இருப்பது இன்னதென அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுத்தான். வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதனை வாங்கிப் படித்தார். எந்த ஓலை வரும் என்பது எவர் கையிலும் இல்லை. எவர் பெயர் குடத்துக்குள் புகலாம் என்பதில் மட்டும் ஊரார் மிகக் கண்டிப்பாக இருந்தனர். வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, கல்வி, உரிய வயது, நல்லொழுக்கம் எல்லாம் பார்த்தனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் விலக்கினர்.

ஓலையை எடுப்பது சிறுவனின் கை. அதற்கு முன்னமே தகுதி தேடிக்கொள்வது அவரவர் கடமை. நாள்தோறும் நேரும் சந்திப்புகளும் அத்தகையன. யார் வருவார், என்ன கேட்பார் என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. வரும்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்பது முன்னைய நாள்களின் பழக்கத்தால் அமைவது. கணக்குக் காட்டாதவர் தகுதி இழப்பார் என்னும் விதியும் நம் நெறிக்கு அயலானதன்று. பிரதிக்கிரமணம் என்பது அன்றன்று செய்த பிழைகளைத் தானே எண்ணி, வருந்தி, மீண்டும் நெறிக்குத் திரும்புதல். கேட்பவர் எவரும் இல்லாத இடத்தில் தனக்குத் தானே கணக்குக் காட்டுதல் அது.

இன்றைய நிலைக்கு வருவோம். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் சமணர் 89,265 பேர். வடபுலத்திலிருந்து வந்து குடியேறியோரும் இதில் அடங்குவர். ஆகவே நம் பிள்ளை ஒரு பள்ளியிலோ தொழிற்சாலையிலோ சேரும்போது, அங்குள்ள பலர் தம் வாழ்நாளில் சந்திக்கும் ஒரே தமிழ்ச் சமணர் அப்பிள்ளையாகவே இருக்கக் கூடும். அவர்கள் நம் நூல்களைப் படித்து நம்மை அறியப் போவதில்லை. அப்பிள்ளையைப் பார்த்தே அறிவார்கள்.

ஒரகடத்துத் தொழிற்சாலையில் இரவு முறை வேலைக்குச் செல்லும் இளைஞனிடம் உடன் பணிபுரிபவர் கேட்கிறார்: ஏன் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை? நீங்கள் மார்வாடியா? தமிழ் எப்படி இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள்? கேட்பவரிடம் தீய எண்ணம் இல்லை. அறிய விரும்பியே கேட்கிறார். வீட்டில் அப்படித்தான் பழக்கம், காரணம் தெரியாது என்று விடை சொன்னால் அவ்வுரையாடல் அங்கேயே முடிந்துவிடும். இருட்டில் சிற்றுயிர்கள் உணவில் விழுந்து மாயும், அத்துன்பத்துக்கு நாம் காரணமாகக் கூடாது என்று அமைதியாகச் சொன்னால், அகிம்சை என்னும் பெரிய சொல் அவருக்கு ஒரு கவளத்தின் அளவில் விளங்கும். நீங்கள் பள்ளியில் கற்ற நன்னூலை எழுதிய பவணந்தி ஒரு சமண முனிவர், சிந்தாமணி பாடிய திருத்தக்கதேவரும் அத்தகையவர், நாங்களும் இம்மண்ணின் மக்களே என்று சேர்த்துச் சொன்னால், அடுத்த கேள்விக்கு இடமே இராது.

அவ்விளைஞனால் அந்த விரதத்தை முழுதும் காக்க இயலாத நாள்களும் இருக்கும். முறைமாற்றுப் பணி, நெடும்பயணம், உடல்நலக் குறைவு ஆகியன இக்கால வாழ்வின் நெருக்கடிகள். இல்லறத்தார்க்கு வகுத்தவை அணுவிரதங்கள்; ஆற்றலுக்கு ஏற்பக் கொள்ளும் சிறு விரதங்கள். இயலாத நாளில் இயலவில்லை என்று உணர்வதும், இயன்ற நாளில் மீண்டும் மேற்கொள்வதும் நெறிக்கு உட்பட்டவையே. விட்டுவிட்டதைப் பெருமையாகப் பேசுவதும், விடாதவரைப் பழமைவாதி என்று நகையாடுவதுமே தீங்கு. அதுபோலவே விரதம் காப்பவர், காவாதவரை இழித்துப் பேசுவதும் தீங்கு. சொல்லால் பிறரைப் புண்படுத்துவதும் இம்சையே என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வந்தவரிடம் சொல்வதற்கு எப்போதும் சொற்கள் வேண்டுமென்பதும் இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இம்மாவட்டத்தில் கட்டட வேலை செய்வோர் வெயிலில் வாசலோரம் நின்றால், வடிகட்டிய நீர் ஒரு செம்பு தருவதற்கு மொழி தேவையில்லை. அந்நீரை நாள்தோறும் வடிகட்டி வைக்கும் பழக்கம் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவே.

ஆகவே குடும்பங்கள் மூன்றனை மேற்கொள்ள வேண்டும் என்பது இவ்வுரையின் வேண்டுகோள். முதலாவது, நாள்தோறும் ஒரு சிறு பொழுது சாமாயிகம். ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், இயலாவிடில் இயன்ற அளவு. இரண்டாவது, வாரத்தில் ஒரு நாளேனும் குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து ஒரு நூலைச் சில பக்கம் வாய்விட்டுப் படித்தல். குழந்தைகள் இடைமறித்துக் கேட்கட்டும். தெரியாதவற்றைக் குறித்து வைத்து, ஜினாலயத்துக்கு வரும் பெரியோரிடம் கேட்டறியலாம். நூல் நிறைவுறும் நாளில் வாசலில் மாவிலை கட்டுங்கள். அக்கம்பக்கத்தார் காரணம் கேட்பார்கள். மூன்றாவது, உறங்குமுன் அன்று சந்தித்தவர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தல். யாரிடம் கடுமையாகப் பேசினோம், யாருக்கு உதவாமல் கடந்தோம் என்று தேடி, மறுநாள் இயன்றால் நேரிலேயே பொறுத்தருளக் கேட்டல்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. பந்தலோ ஒலிபெருக்கியோ வேண்டுவதில்லை. விழா முடிந்து வீடு திரும்பும் இன்றைய மாலையிலேயே தொடங்கலாம். திரும்பும் பேருந்தில் அருகில் அமர்பவர், எங்கே போய்வருகிறீர்கள் என்று கேட்கக் கூடும். அவருக்குச் சொல்லும் விடையைப் பிள்ளைகளே சொல்லட்டும், பெரியவர்கள் கேட்டிருக்கட்டும்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க. ஜினவறம் ஓங்குக. வணக்கம்.