வழக்குத் தொடுக்கலாமா?

அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைக் காண வருவோர் பழம் கொண்டு வருவது வழக்கம். என்னைக் காண வந்தவர்கள் பழத்தோடு ஆளுக்கொரு யோசனையும் கொண்டு வந்தார்கள். "காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுங்கள்" என்றார் மைத்துனர். "கோர்ட்டுப் படி ஏறினால் எளிதில் இறங்க முடியாது" என்றார் அடுத்த வீட்டுக்காரர். "உயிர் பிழைத்தீர்களே, அது போதாதா?" என்றாள் என் மனைவி. மூவரும் என்பால் அன்புடையவர்களே. ஆயினும் மூன்று யோசனைகளையும் ஒருங்கே ஏற்பது எப்படி?

நடந்தது இதுதான். பித்தப்பையில் கல் இருப்பதாகக் கூறி, ஒரு மருத்துவமனையில் அதனை அகற்றினார்கள். வயிற்றில் சிறு துளைகளிட்டுச் செய்யும் அறுவை அது. மூன்றாம் நாள் வீடு செல்லலாம் என்றார்கள். இரண்டாம் நாள் இரவே வலியும் காய்ச்சலும் கண்டன. பிறகு வயிறு உப்பியது, கண்கள் மஞ்சளாயின. "வாயுத் தொல்லைதான், சரியாகிவிடும்" என்றே சொல்லி வந்தார்கள். ஏழாம் நாள் என்னை வேறோர் ஊருக்குக் கொண்டு சென்ற பின்னரே, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டு செல்லும் முதன்மை நாளம் அறுபட்டிருப்பது தெரிந்தது. அந்நாளத்தைச் சிறுகுடலோடு நேரே இணைத்து மறுபடியும் அறுவை செய்தார்கள். இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தேன். மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று சேர்த்த பணம் கரைந்தது.

சினம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. அந்தச் சினத்தோடுதான் வழக்கறிஞரான என் நண்பரிடம் சென்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உமக்குத் தீங்கு நேர்ந்தது என்பதில் ஐயமில்லை. அது கவனக் குறைவால் நேர்ந்ததா என்பதே கேள்வி" என்றார்.

அவர் ஒரு வழக்கைச் சொன்னார். 1963ஆம் ஆண்டு ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் கருத்தடை அறுவை செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் துவாலை ஒன்று விடப்பட்டது. அம்மாதமே அவர் இறந்தார். குடும்பத்தார்க்கு 36,000 ரூபாய் இழப்பீடு என்பதை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிய ஆண்டு 1996. முப்பத்துமூன்று ஆண்டுகள்! அடுத்த வீட்டுக்காரர் சொன்னது முற்றிலும் பொய்யன்று. ஆனால் வயிற்றுக்குள் கிடந்த துவாலைக்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை, அதுவே பேசும். என் நாளமோ அப்படிப் பேசாது. வீங்கிக் கிடக்கும் சதையினிடையே வெட்ட வேண்டிய சிறுகுழாயும் வெட்டக் கூடாத நாளமும் ஒன்றுபோல் தோன்றுமாம். தேர்ந்த கைகளும் அங்கே தவறியதுண்டு. அத்துறையில் சாதாரணத் திறமையுள்ள மருத்துவர் ஒருவர் காட்டும் கவனத்தையே சட்டம் அளவுகோலாகக் கொள்கிறது. குற்ற வழக்கு என்றால் அது மிகக் கொடிய கவனக் குறைவாக இருத்தல் வேண்டும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. ஆகவே மைத்துனரின் யோசனையை அன்றே கைவிட்டேன்.

எஞ்சியது நுகர்வோர் ஆணையம். கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் அடங்கும் என்று 1995இல் தீர்ப்பாயிற்று. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

நண்பரின் சொற்படி முதலில் மருத்துவமனைப் பதிவேடுகளின் படி கேட்டு எழுதினேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு விதி. எனக்குக் கிடைக்க நான்கு முறை நடக்க வேண்டியிருந்தது. கிடைத்த தாள்களை அகராதியை வைத்துக்கொண்டு இரவெல்லாம் படித்தேன். ஓரிடத்தில் கண் நின்றது. இரண்டாம் நாள் நள்ளிரவு இரண்டு மணிக்குச் செவிலியர் ஒருவர் எழுதியிருந்தார்: நோயாளிக்கு வலி மிகுதி, காய்ச்சல் உண்டு, மருத்துவருக்குத் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது. மறுநாளும் அதே கையெழுத்து, அதே செய்தி. வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்ததாக ஒரு வரியும் இல்லை. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். நான்காம் கூறு தன் கடமையை ஒழுங்காகச் செய்திருந்தது.

அத்தாள்களை அறுவை மருத்துவர் மூவரிடம் காட்டினேன். இருவர் கருத்தைச் சொன்னார்கள். எழுதித் தர மறுத்தார்கள். தம் தொழிலைச் சேர்ந்தவர்க்கு எதிராக எழுதுவது யாருக்கும் எளிதன்று. அவர்களை நான் குறை கூறவில்லை. மூன்றாமவர் எழுதித் தந்தார். "நாளம் அறுபட்டது என் கையிலும் நேர்ந்திருக்கலாம். ஆனால் இந்தக் குறிப்பைக் கண்ட பிறகு நான் ஐந்து நாள் காத்திருக்க மாட்டேன்" என்றார்.

அப்பொழுதுதான் என் மனம் தெளிந்தது. கத்தி தவறியதற்காக அன்று. கேளாமல் இருந்ததற்காகவே முறையிடலாம். ஆயினும் மேலும் சில வாரங்கள் தயங்கினேன். அந்தச் செவிலியரை நினைத்தே தயங்கினேன். அவர் இன்னும் அங்கேதான் பணிபுரிகிறார். சாட்சிக் கூண்டில் ஏறினால் அவர் வேலை என்னாகும்?

இரண்டு ஆண்டு நிறைய ஏழு வாரம் இருக்கையில் மனுவில் கையெழுத்திட்டேன். இரண்டாம் அறுவையின் செலவையும், அந்த ஐந்து நாளுக்கான இழப்பீட்டையும் கேட்டிருக்கிறேன். அறுவை செய்தவரின் கைத்திறனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. செவிலியரைச் சாட்சியாக அழைக்க வேண்டாம், அவர் எழுதிய தாளே போதும் என்று நண்பரிடம் சொன்னேன். "வழக்கு சற்று வலுவிழக்கக்கூடும்" என்றார். இழக்கட்டும் என்றேன்.