கூப்பன் வெட்டின பக்கம்

நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! குதிரையை விட்டு இறங்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அரியலூர்ப் பெருமக்களே, தாய்மார்களே!

பழைய கௌபாய் சித்திரக்கதைப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால், இன்றைக்கு நமக்கு அதிகம் சொல்வது கதையா? விளம்பரமா? விளம்பரமே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி அம்மா டெக்ஸ் வில்லர் புகழ் பாடினாங்க. நானும் கும்பிடுறேன். 1948-ல் இத்தாலியில் பொனெல்லி எழுத, கலெப்பினி வரையப் பிறந்தவர். 1985-ல் லயன் காமிக்ஸ் வழியாகச் சிவகாசிக்கு வந்து தமிழ் பேசினார். நவஹோ மக்களுக்கே தலைவர். நல்ல மனுஷர்! ஆனா மிலான் நகரத்தில் படித்தாலும் அதே குதிரை. பெரம்பலூரில் படித்தாலும் அதே குதிரை. கதையிலே 1870-லேயே பாலைவனத்துக்கு ரயில் வந்துடுது. பெரம்பலூர் டவுனுக்கு இன்னும் வரலை! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

விளம்பரப் பக்கத்தைத் திருப்புங்க. அடுத்த வெளியீடு என்ன, சந்தா எவ்வளவு, மணியார்டர் எங்கே அனுப்பணும். கீழே கூப்பன்: பெயர், ஊர், மாவட்டம், பின்கோடு. அந்தக் காலத்துப் பையன் மாவட்டம்னு என்ன எழுதியிருப்பான்? திருச்சி! பெரம்பலூர் மாவட்டம் 1995-லதான் பிறந்தது. அரியலூரை 2001-ல் பிரிச்சாங்க, 2002-ல் சேர்த்தாங்க, 2007-ல் மறுபடி பிரிச்சாங்க. வீடு நகரலை, மாவட்டம் நகர்ந்துக்கிட்டே இருக்கு! (சிரிப்பு) பின்கோடு வந்தது 1972-ல். முத்து காமிக்ஸ் வந்ததும் அதே வருஷம். நிரப்பின கூப்பன் ஒண்ணு கிடைச்சா காலத்தைக் கண்டுபிடிச்சிடலாம். குதிரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

இந்த ஊருக்கு இதை நான் சொல்லணுமா? அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆலைக்குப் போகுது. ஆனா, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இங்கே கடல் இருந்ததுன்னு சாட்சி சொன்னது யாரு? கல்லுக்குள்ளே மாட்டிக்கிட்ட சிப்பி! ஐயா, கதை கல்லு. விளம்பரம் சிப்பி. (கைதட்டல்)

இன்னிக்கு என்ன நடக்குது? பைண்டு பண்ணும்போது விளம்பரத்தைக் கிழிச்சு எறியறாங்க. கூப்பன் வெட்டின புத்தகம்னா, "பக்கத்திலே ஓட்டை சார்" என்று விலையைக் குறைக்கிறாங்க. அந்த ஓட்டையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க! பருத்தி எடுத்த கூலியிலே அம்மா கொடுத்த காசைச் சேர்த்துவச்ச ஒரு பிள்ளை, கத்தரிக்கோலைக் கையிலே எடுத்திருக்கு. தபாலே வராத வீடு. தபால்காரர் ஒருநாள் தன் பேரைச் சொல்லிக் கூப்பிடணும்னு அதுக்கு ஆசை. கதாநாயகன் பேருக்குப் புத்தகம் முழுக்க இடம் உண்டு. அந்தப் பிள்ளை பேருக்கு இருந்த இடம் அந்தக் கூப்பன் ஒண்ணுதான்!

"விளம்பரம் பொய் சொல்லும்" என்றார் எதிரணித் தலைவர். சொல்லட்டும். அதை நம்பின பிள்ளையோட ஆசை பொய்யா? நம்ம ஊர்ப் பிள்ளைக்கு என்ன கிடைச்சது, எதுக்கு ஏங்குச்சுன்னு எந்தப் பாடப்புத்தகத்திலே எழுதியிருக்கு?

ஆகவே பெரியோர்களே, பரணிலே பழைய புத்தகம் இருந்தா அட்டையிலிருந்து அட்டைவரை அப்படியே வையுங்க. நடுவர் அவர்களே, டெக்ஸ் வில்லர் துப்பாக்கியைப் பார்த்துப் பயந்துடாம, விளம்பரமே என்று தீர்ப்புச் சொல்லுங்க. (கைதட்டல்)