சூரிய மின்சாரத்தின் கண்டுமுதல்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய சொற்பொழிவு)



தஞ்சை மண்ணில் பிறந்தவர்க்கு மதிப்பீடு புதிய கலை அன்று. மாவுக்கு எத்தனை கலம் காணும் என்பதைக் கதிரைக் கண்ட அளவிலேயே சொல்லவல்ல பெரியோர் நம் ஊர்களில் உளர். அவர்கள் நல்ல வயல் ஒன்றை மட்டும் பார்த்து ஊர் முழுவதற்கும் கணக்குச் சொல்வதில்லை. அந்த அறிவையே இன்று நாம் நம் வீட்டு மாடிக்கும் கொண்டு செல்ல வேண்டியிருக்கின்றது.

வீடுகளில் சூரிய மின் தகடுகள் அமைப்பதற்கு நடுவண் அரசு 2024 பிப்ரவரியில் பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தைத் தொடங்கியது. அதில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள அமைப்புக்கு 78,000 ரூபாயும் மானியமாக வகுக்கப்பட்டது. மீதித் தொகை நம் கைப்பணம் அல்லது வங்கிக் கடன். விளைவைத் தவறாகக் கணித்துக் கடன் வாங்கினால், தவணைச் சுமை குடும்பத்தின் மீதே விழும். ஆதலின், கையொப்பம் இடுவதற்கு முன்பே கணக்கிடல் வேண்டும்.

முதலில் இரண்டு அளவுகளை வேறுபடுத்தி அறிவோம். கிலோவாட் என்பது நிலத்தின் பரப்பைப் போன்றது. யூனிட் என்பது கண்டுமுதல். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் படாத இடம் ஏறத்தாழ 100 சதுர அடி வேண்டும். நம் பகுதியில் ஆண்டுச் சராசரியாக ஒரு நாளில் கிடைக்கும் ஒளி, முழு வெயில் 5 மணி நேரம் அடித்ததற்கு ஏறக்குறைய ஒப்பாகும். சூடு, தூசி, கம்பி, இன்வெர்ட்டர் ஆகியவற்றால் கால் பங்கு கழியும் எனக் கொள்வோம். எஞ்சுவது நாளொன்றுக்கு 3¾ யூனிட். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,370 யூனிட்.

இது சராசரியே. பங்குனியில் 4½ யூனிட்டும் காணலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 1 யூனிட்டும் காணாத நாட்கள் உண்டு. பங்குனி விளைவைக் காட்டி ஆண்டு முழுவதற்கும் வாக்களிப்போர் சொல்லை நம்பிக் கடன்படுதல் கூடாது.

இனி வீட்டின் செலவைக் காண்போம். ஓராண்டின் மின் கட்டண ரசீதுகளை எடுத்து யூனிட்டுகளைக் கூட்டுக. 2,740 யூனிட் வந்தால், 1,370 ஆல் வகுக்க, 2 கிலோவாட் போதும் என்பது விளங்கும். தேவைக்கு மேல் அமைப்பதில் ஊதியம் குறைவு.

அடுத்து நிழல். மார்கழியில் கதிரவன் தெற்கே சாய்ந்து செல்வதால், வீட்டின் தென்புறத் தென்னையின் நிழல் நீண்டு மாடியில் விழும். தலைமடையில் மண் சரிந்தால் கடைமடைக்கு நீர் குறைவதுபோல, ஒரு தகட்டில் விழும் நிழல் அதனோடு தொடராக இணைந்த பிற தகடுகளின் விளைவையும் குறைக்கும். காலை 9 மணி, நண்பகல், மாலை 3 மணி ஆகிய மூன்று வேளையும் மாடியில் நின்று பார்த்தபின் இடம் குறிப்பது நலம். தகடுகள் தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருத்தல் வேண்டும். அறுவடைக் காலத்துத் தூசியை அவ்வப்போது, தகடு குளிர்ந்திருக்கும் காலை வேளையில் நீரால் கழுவுதல் நன்று.

இன்னொன்றும் கூறுதல் நம் கடமை. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் மின் கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்ததை நாம் மறக்கவில்லை. தகடு இருந்தால் அத்தகைய வேளையிலும் விளக்கு எரியும் எனப் பலர் எண்ணுகின்றனர். மின்கலம் இன்றி ஊர் மின்கம்பியோடு இணைத்த அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றதும் தானே நின்றுவிடும். கம்பியில் பழுது பார்க்கும் தொழிலாளரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. புயல் நாளிலும் வெளிச்சம் வேண்டுவோர் மின்கலமும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் சேர்த்து, அச்செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும். தகடுகளின் தாங்கிகள் புயற்காற்றைத் தாங்கும் வண்ணம் உறுதியாகப் பொருத்தப்பட்டனவா என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களே! அடுத்த கிராம சபைக்கு வருவோர் ஓராண்டு ரசீதுகளையும் மாடியின் நீள அகலத்தையும் குறித்து வருமாறு அறிவியுங்கள். கணக்குத் தெரிந்த ஊர் இளைஞர் இருவர் அமர்ந்தால் ஒரு வீட்டுக்கு கால் மணி நேரம் போதும். முதற்கண் ஊராட்சி அலுவலகக் கட்டடத்திற்கே அக்கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். அதைக் கண்டபின் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக்கு வேண்டும், வேண்டா என்பதைத் தாமே முடிவு செய்வர்.