நம் மக்கள் என்னவாக வேண்டும்?



பிள்ளைகளின் வருங்காலத்தைக் குறித்துப் பெற்றோர் கொள்ளும் ஆசைகளைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எனக்குக் கட்டளையிட்டார். கல்லூரி வாசலை மிதியாத ஒரு குமாஸ்தாவிடம் இதைக் கேட்பானேன் என்று முதலில் தயங்கினேன். ஆசைப்படுவதற்குப் பட்டம் வேண்டுவதில்லையே என்று பின்னர் ஒப்புக்கொண்டேன்.

கரக்பூரில் வாழும் நம்முடைய ஆசைகள் இரு திசைகளில் ஓடுகின்றன. ஒன்று இரயில்வே பணிமனை, மற்றொன்று ஐ.ஐ.டி.

நம் பாட்டனார் பலர் பெங்கால் நாகபுரி இரயில்வேயின் காலத்தில் இங்கு வந்தவர்கள். அது கைமாறி, 1955 முதல் தென்கிழக்கு இரயில்வே ஆயிற்று. தகப்பன் பார்த்த வேலை மகனுக்கு என்னும் எண்ணம் அந்நாள் தொட்டே நம்மிடையே வேரூன்றிவிட்டது. பாதுகாப்புப் பிரிவு ஊழியருள் சிலர் முன்கூட்டியே ஓய்வு பெற்றால் அவர்தம் பிள்ளைக்கு வேலை அளிக்கும் திட்டம் ஒன்று 2004 ஆம் ஆண்டில் வந்தது. அரசியல் சட்டத்தின் 14, 16 ஆம் பிரிவுகள் கூறும் சமத்துவத்துக்கு இது ஒவ்வாதது எனப் பஞ்சாப் அரியானா உயர் நீதிமன்றம் கருதியது. 2018 இல் திட்டம் முடிவுக்கு வந்தது.

அதற்காக இன்றும் வருந்துவோர் உளர். நான் அவர்களுள் ஒருவன் அல்லேன். தகப்பன் முழங்கால் வலியால் ஓய்வு பெற, அதன் காரணமாகவே மகன் தண்டவாளத்துக்குப் போவது என்ன நியாயம்? விண்ணப்பத்தில் மகனின் கையெழுத்து இருக்கும். மனம் இருந்ததா என்பதை எந்தக் குமாஸ்தாவும் சரிபார்க்க இயலாது.

மற்றோர் ஆசை இதனினும் பெரிது. ஐ.ஐ.டி. தொடங்கிய கட்டடம் ஹிஜ்லி தடுப்பு முகாம் என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறோமா? 1931 செப்டம்பர் 16 அன்று, ஆயுதமின்றி அங்கே அடைபட்டிருந்தோர் மீது காவலர் சுட்டனர். சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேசுவர் சென்குப்தா என்னும் இருவர் மாண்டனர். அவர்தம் உடல்களைப் பெற்றுச் செல்லச் சுபாஷ் சந்திர போஸ் நேரில் வந்தார். கவி தாகூர் அக்கொடுமையைக் கண்டித்தார். அதே கட்டடத்தில் 1951 இல் கல்விக்கூடம் பிறந்தது. 1956 இல் முதற் பட்டமளிப்பு விழாவுக்குப் பிரதமர் நேரு வந்தார். சிறை பள்ளியான கதையை நினைக்குந்தோறும் நெஞ்சு நிமிர்கிறது.

ஆயினும் நம் வீடுகளில் நடப்பது என்ன? ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளையைப் பயிற்சி வகுப்பில் சேர்க்கிறோம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்புகிறோம். மாலையில் மைதானத்தின் பக்கம் போகாதே என்கிறோம். 2024 ஆம் ஆண்டில் நுழைவுத் தேர்வின் முதற்படியை எழுதியோர் பத்து லட்சத்துக்கும் மேல். நாட்டின் 23 ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து இருந்த இடங்கள் 17,740. இக்கணக்கைப் பிள்ளைக்குக் காட்டி அச்சுறுத்துவோர் உண்டு. பெற்றோரே அதனை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும் என்பேன். இடம் கிடையாத இலட்சக்கணக்கானோரும் எவரோ பெற்று வளர்த்த மக்கள் தாமே? முடிவு வெளியான மாலையில் அப்பிள்ளை வீட்டுக்குள் நுழையும்போது தகப்பன் முகம் எப்படி இருக்கும் என்பதே என் கவலை. முகாம் சிறையாக இருந்த காலம் போயிற்று. நம் வீட்டைச் சிறையாக்க வேண்டா.

பெண்மக்களைப் பற்றியும் ஒரு சொல். நம் குடியிருப்புச் சிறுமி ஒருத்தி, நான் இரயில் எஞ்சின் ஓட்டுவேன் என்றாள். கேட்டவர் சிரித்தனர். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? சாதாரா மாவட்டத்தில் பிறந்த சுரேகா யாதவ் 1980களின் இறுதியிலேயே நாட்டின் முதல் பெண் இரயில் ஓட்டுநர் என்று பெயர் பெற்றார். 2023 மார்ச் மாதத்தில் சோலாப்பூரிலிருந்து மும்பைக்கு வந்தே பாரத் வண்டியை ஓட்டிச் சென்றார். அவ்வேலையின் இடர்கள் இரயில்வேக் குடும்பங்களுக்குத் தெரியாதவை அல்ல: இரவுப் பணி, உறக்கமின்மை, பல எஞ்சின்களில் கழிவறை இல்லாமை. அவற்றை அச்சிறுமிக்கு ஒளிக்காமல் சொல்வோம். சொன்ன பின்னும் அவள் விரும்பினால் வழிவிடுவோம்.

இனி, எனக்கென்று ஓர் ஆசை உண்டு. அது சம்பளத்தைப் பற்றியதன்று. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். தெருவில் வங்காளியும் தெலுங்கும் இந்தியும் தடையின்றிப் பேசுகிறார்கள். அந்தத் திறமை நமக்கு வாய்க்கவில்லை. ஆனால் தமிழ் எழுத்தைக் கண்டால் விழிக்கிறார்கள். ஊரிலிருக்கும் பாட்டிக்குக் கைபேசியில் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதி அனுப்புகிறார்கள். பாட்டி அதனைப் படிக்க அண்டை வீட்டுப் பிள்ளையைத் தேடிப் போகிறாள். தில்லி வாசிகளுக்கு 1923 முதல் தமிழ்க் கல்விக் கழகம் இருக்கிறது. அது ஏழு பள்ளிகளை நடத்துகிறது. நமக்கு அந்த வசதி இல்லை. இருப்பது சங்கத்தின் இவ்வறையும் ஒரு கரும்பலகையுமே.

நான் ஓய்வு பெற்று ஊர் போய்ச் சேர்ந்தபின், கை நடுங்க ஓர் அஞ்சலட்டை எழுதினால், அதை என் மகன் பிறர் உதவியின்றித் தானே படிக்க வேண்டும். அவன் எஞ்சினியராக இருக்கலாம், கடை வைத்திருக்கலாம். அது அவன் பாடு. உடம்புக்கு முடியவில்லை, ஒருமுறை வந்து போ என்று நான் எழுதியிருப்பதை அயலார் ஒருவர் உரக்கப் படித்துச் சொல்லும் நிலை அவனுக்கு வரலாகாது.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது. எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பாடச் சுமையைக் காரணம் காட்டி நிறுத்திவிடுகிறீர்கள். வாரத்தில் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். வரும் ஞாயிறன்று அவர்களையும் எதிர்பார்க்கிறேன்.